பைலட் படிப்பு: எந்தப் பள்ளியில் சேருவது? ஒரு பழைய கதை

சிங்காநல்லூர்க்காரர்களுக்கு விமானச் சத்தம் புதுசு இல்லை. ஒரு பக்கம் பீளமேடு ஏர்போர்ட். திருச்சி ரோட்டில் கிழக்கே போனால் சூலூர் விமானப்படைத் தளம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைக் கோவையில் பழுது பார்த்தது. 2018-ல் சூலூருக்குத் தேஜஸ் படைப்பிரிவே வந்தது. ஆனால் "பைலட் ஆக எங்கே படிக்கணும்?" என்று கேட்டால், "நிறைய காசு வேணுமப்பா" என்பதுதான் முதல் பதிலாக வரும். காசு விஷயம் உண்மைதான். அதைக் கொண்டுபோய் எங்கே கட்டுகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி.

ஆரம்பத்தில் இந்தக் குழப்பமே இல்லை. பக்கத்தில் எந்த ஃப்ளையிங் கிளப் இருக்கிறதோ, அதுதான் பள்ளி! 1920-களின் கடைசியில் டெல்லி, பம்பாய் போன்ற ஊர்களில் கிளப்புகள் வந்தன. 1929 பிப்ரவரி 10-ல் ஜே.ஆர்.டி. டாட்டா வாங்கிய லைசென்ஸின் எண் 1. மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் 1930-ல் தொடங்கியது. மரமும் துணியும் வைத்துச் செய்த மாத் விமானங்கள்தான் அன்றைய பாடப்புத்தகம்.

அந்தக் காலத்தில் பள்ளி என்றால் ஆசிரியர்தான். மெட்ராஸில் பறந்த வி. சுந்தரம், சுதந்திரத்துக்குப் பிறகு பெங்களூர் ஜக்கூரில் அரசு பயிற்சிப் பள்ளியை நடத்தினார். 1949-ல் அங்கே பயிற்சி முடித்தவர்களில் ஒருவர் அவர் மனைவி உஷா சுந்தரம். 1951-ல் மெட்ராஸ் அரசு வாங்கிய டவ் விமானத்தை இருவரும் லண்டனிலிருந்து பம்பாய்க்குச் சுமார் 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். (இன்றைக்கு இதை யாராவது சினிமாவாக எடுக்கலாம்.)

கதை மாறியது 2003-க்குப் பிறகு. ஏர் டெக்கான் வந்தது, பின்னாலேயே ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ. பைலட் பற்றாக்குறை. கடன் வாங்கியாவது பையனையும் பெண்ணையும் சேர்த்துவிட வீடுகள் தயாராக இருந்தன. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் விமானத்துக்குப் பொறுப்பாளராக. இந்த மணிக்கணக்கு எழுதப்படுவது ஒரு லாக் புக்கில். எழுதுவது பேனா தானே! 2011-ல் அந்த ஓட்டை வெளியே வந்தது. போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள் பிடிபட்டார்கள். ராஜஸ்தானில் ஒரு பள்ளியில் பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிக் கொடுத்ததும் தெரிந்தது. நாடு முழுக்க ஃப்ளையிங் பள்ளிகளில் சோதனை நடந்தது. அந்தப் பைலட் பின்னால் 180 பேர் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் வயிறு கலங்கும்.

போலி என்பது ஒரு எல்லை. அதைவிடச் சாதாரணமான தொல்லை காத்திருப்பு. மொத்தக் கட்டணமும் முதலிலேயே கட்டியாகிவிடும். அப்புறம் விமானம் ஷெட்டில் நிற்கும், உதிரிப் பாகம் வரவில்லை, இன்ஸ்ட்ரக்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், மழை... ஒன்றரை வருடம் என்றது மூன்று வருடம் ஆகும். அதனால் பளபளப்பான பிராஸ்பெக்டஸில் எத்தனை விமானம் என்று எண்ணுவதில் பயனில்லை. இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை, ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர், போன பேட்ச் 200 மணியை எத்தனை மாதத்தில் முடித்தது? இதை ஆபீஸில் கேட்பதைவிட அங்கே படிக்கும் பசங்களிடம் கேன்டீனில் கேட்பது நல்லது. பணத்தைத் தவணையாக வாங்க மறுக்கும் இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம்.

2025-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வே பள்ளிகளுக்குத் தரவரிசை போட ஆரம்பித்தது. முதல் பட்டியலில் மேல் தரங்களான 'ஏ' பிரிவுகள் இரண்டும் காலி! எல்லாப் பள்ளிகளும் 'பி' அல்லது 'சி'.

கொங்குப் பக்கத்துக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1993-ல் திறந்து பல வருடம் தூங்கிக்கொண்டிருந்த சேலம் விமான நிலையம், 2020-க்குப் பிறகு பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கப்பட்ட நிலையங்களில் ஒன்று. பெரிய விமானங்களின் நெரிசல் இல்லாத ஓடுபாதை மாணவனுக்கு வரம். சேலம் பஸ் சிங்காநல்லூர் ஸ்டாண்டில் கிடைக்காது, காந்திபுரம் போகணும். அட்மிஷனுக்கு முன்னால் ஒரு நாள் விடியற்காலையில் ஓமலூர்ப் பக்கம் போய் இறங்கி, எத்தனை விமானம் நிஜமாகவே மேலே ஏறுகிறது என்று வேலி ஓரமாக நின்று எண்ணிப் பாருங்கள்.