நேட்டால் கப்பற்பதிவேடும் போயர் போரின் தமிழ்ச் சுமைப்பணியாளரும்: ஒரு மூதாதையைத் தேடும் நெறி

முன்னுரை

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரையிலான அரை நூற்றாண்டில் 1,52,184 இந்தியர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே கப்பலேறியவர்கள். 1899இல் ஆங்கிலேயர்க்கும் போயர்க்கும் போர் மூண்டபோது, காயம்பட்ட வீரர்களைக் களத்திலிருந்து சுமந்து வந்தவர்களில் இத்தகைய தொழிலாளர் பலர் இருந்தனர். தம் மூதாதை அப்பணியில் இருந்தார் என்று ஒரு குடும்பம் வாய்மொழியாகக் கூறுமாயின், அதை ஆவணங்களைக்கொண்டு எவ்வளவு தொலைவு உறுதிசெய்ய இயலும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கப்பற்பதிவேடு தரும் செய்தி

தேடலின் முதற்படி கப்பற்பதிவேடு. ஒவ்வொரு பயணிக்கும் உரிய பதிவில் குடியேற்ற எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், அங்க அடையாளம் ஆகியவை இடம்பெறும். தொழிலாளி எந்த முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டார் என்பதும் பின்னர்க் குறிக்கப்பட்டது. வட ஆர்க்காட்டின் ஒரு சிற்றூரிலிருந்து சென்ற எளிய உழவரின் உடல்தழும்பு வரை அறியத்தரும் ஆவணம் இதுபோல் வேறொன்று இருத்தல் அரிது. ஆயினும் அது அவரைச் சிறப்பிக்க எழுதப்பட்டதன்று. ஒப்பந்தத்துக்கு உட்பட்ட ஆளைத் தவறாமல் அடையாளங்காண முதலாளிக்கும் அரசுக்கும் அது தேவைப்பட்டது.

இப்பதிவேட்டில் பெயரைவிட எண்ணே நம்பத்தக்கது. தமிழறியாத எழுத்தர் காதில் விழுந்தவாறு பெயரை எழுதினர். முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். முதலியார் என்பது ‘மூட்லி’ என்றும், நாயுடு என்பது ‘நைடூ’ என்றும் மாறின. தந்தையின் பெயரோ பாட்டனின் பெயரோ அடுத்த தலைமுறையில் குடும்பப்பெயராக நிலைத்ததும் உண்டு. ஆகவே இன்றைய குடும்பப்பெயரைக்கொண்டு பதிவேட்டைத் தேடுவோர் வேறொரு முனுசாமியைத் தம் முன்னோராகக் கருதிவிடக்கூடும். குடியேற்ற எண்ணோ பதிவேட்டில் உள்ளபடியே பிற்கால அலுவலக ஆவணங்களிலும் அவரைத் தொடர்ந்து வந்தது.

ஒப்பந்தக் காலமும் போர்க்காலமும்

எண் கிடைத்தபின் நோக்கவேண்டுவது காலக்கணக்கு. ஒப்பந்தம் ஐந்தாண்டுக்குரியது. 1892இல் வந்தவர் 1897இல் விடுபட்டிருப்பார். மறு ஒப்பந்தம் செய்யாதிருந்தால் போர்க்காலத்தில் அவர் சுதந்திரர். 1897இல் வந்தவரோ அப்போதும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டவர். இவ்வேறுபாடு முதன்மையானது. காந்தியடிகளின் ‘தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம்’ என்னும் நூல் தரும் கணக்கின்படி, இந்திய மருத்துவ உதவிப் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தனர். அவர்களுள் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர். எஞ்சியோர் ஒப்பந்தத் தொழிலாளர். எனவே ஒருவர் எவ்வகையினர் என்பது தெளிந்தாலன்றி எந்த ஆவணத்தொகுதியைத் தேடுவது என்பதும் தெளியாது.

இப்படை 1899 டிசம்பர் 15இல் நிகழ்ந்த கொலென்ஸோ போரிலும், 1900 ஜனவரியில் ஸ்பியன் காப் குன்றிலும் பணியாற்றியது. குண்டு பாயும் எல்லைக்குள் செல்லவேண்டியதில்லை என்பது தொடக்கத்தில் இருந்த ஏற்பாடு. ஸ்பியன் காப்பில் நெருக்கடி முற்றியபோது அவ்வெல்லைக்குள்ளும் சென்றனர். காயம்பட்டோரைத் தூக்குப்படுக்கையில் சுமந்துகொண்டு ஒரே நாளில் 20 முதல் 25 மைல் வரை நடந்த நாள்களும் உண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்தியாவிலிருந்து வந்த பிரித்தானியப் படையோடு டோலி சுமப்போர், தண்ணீர் கொணர்வோர், குதிரைக்காரர், சலவையாளர் எனப் பலர் வந்தனர். அவர்கள் நேட்டால் ஒப்பந்தத்தில் வந்தவரல்லர். கப்பற்பதிவேட்டில் அவர்களைத் தேடுதல் வீண்.

பெயர் பெற்றோரும் பெறாதோரும்

போர் முடிந்தபின் படையின் தலைவர்கள் 37 பேருக்குப் பதக்கம் வழங்கப்பட்டது என்று அந்நூல் குறிப்பிடுகிறது. பிரித்தானியப் பதக்கப் பட்டியல்கள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. பதக்கம் பெறாத சுமைப்பணியாளரின் பெயரை அங்கு எதிர்பார்த்தல் இயலாது. ஒப்பந்தத் தொழிலாளருள் பெயரோடு நினைக்கப்படுபவர் லேடிஸ்மித் முற்றுகையின் பிரபு சிங். போயரின் பீரங்கி ஒளிரும்போதெல்லாம் மரத்தின்மேலிருந்து மணியடித்து ஊராரை எச்சரித்தவர் அவர். அவர் விதிவிலக்கு.

1906இல் சூலுக் கிளர்ச்சியின்போது அமைந்த படையின் நிலை வேறு. அதில் இருந்தவர் 24 பேரே எனக் காந்தியடிகளின் தன்வரலாறு கூறுகிறது. நால்வர் குஜராத்தியர், ஒருவர் பட்டாணியர். ஏனையோர் ஒப்பந்தம் முடித்த தென்னிந்தியர். குழு சிறிதாகையால் அதில் ஓர் ஆளைத் தேடுதல் எளிது. குடும்ப மரபு ‘காந்தியோடு போருக்குப் போனவர்’ என்று மட்டும் சொல்லுமானால், அது 1900ஐக் குறிக்கிறதா, 1906ஐக் குறிக்கிறதா என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும்.

போருக்குப் பின்

1895ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தோர், ஒப்பந்தம் முடிந்தபின் நேட்டாலில் சுதந்திரராக வாழ ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி செலுத்த வேண்டியிருந்தது. இது 1901 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஆண்டுக் கூலியே மாதம் 14 ஷில்லிங். வரித்தொகை 60 ஷில்லிங். அதாவது நான்கு மாதக் கூலியினும் மிகுதி. 1897இல் வந்து, 1900இல் வீரரைச் சுமந்து, 1902இல் விடுபட்ட ஒருவரைப் பதக்கம் எட்டவில்லை, வரி எட்டியது. 1914இல் அவ்வரி நீக்கப்படும்வரை, மறு ஒப்பந்தமும் தாயகம் திரும்பலும் பலருக்கு எஞ்சிய வழிகளாயின. இத்தேர்வுகளும் அவருடைய குடியேற்ற எண்ணைப் பின்தொடர்வதால் அறியத்தக்கவை.

முடிவுரை

மூதாதையின் வருகை, ஊர், முதலாளி ஆகியவற்றை ஆவணம் உறுதிசெய்யும். போர்க்காலத்தில் அவர் சுதந்திரரா, ஒப்பந்தத்துக்கு உட்பட்டவரா என்பதைக் காலக்கணக்கு பெரும்பாலும் காட்டும். அவர் களத்தில் சுமந்தார் என்பதற்குப் பெரும்பாலோரைப் பொறுத்தவரை வாய்மொழி மட்டுமே சான்றாகும். இம்மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே குறித்துவைத்தல் குடும்ப வரலாறு எழுதுவோரின் கடமை. பதக்கப் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் வாய்மொழியைப் பொய்யெனத் தள்ளுதல் முறையன்று. அப்பட்டியல் அவர்களுக்காக எழுதப்பட்டதே அன்று. குடும்பத்தின் மூத்தோர் கூறுவதைக் கூறியவர் பெயரோடும் நாளோடும் இன்றே எழுதிவைத்தால், நாளை அதுவும் ஓர் ஆவணமாகும்.