பட்டம் இருநூறு, கோயில் இரண்டு

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவனுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் கூச்சமே கிடையாது. திருச்சுற்றுச் சிற்றாலயங்களில் ரணஜயன், அத்யந்தகாமன் என்று 200-க்கும் மேற்பட்ட பட்டங்களைக் கல்லில் வெட்டிவைத்தான். 8-ஆம் நூற்றாண்டின் தேர்ந்த மக்கள் தொடர்புப் பணி அது!

திருநின்றவூர்ச் சிவனடியார் பூசலாரிடமோ கோயில் கட்டக் காசில்லை. மனத்துக்குள்ளேயே அடித்தளமிட்டு, விமானம் எழுப்பி, குளமும் வெட்டினார். குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சிக் கற்கோயிலுக்கும் அதே நாள்தான் என்கிறது 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம். மன்னனின் கனவில் தோன்றிய சிவன், மறுநாள் பூசலார் கோயிலுக்குப் போவதால் விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னாராம். மன்னன் நின்றவூருக்கே தேடிவந்து பூசலாரை வணங்கினான். அவன் ராஜசிம்மனே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இருதயாலீஸ்வரர் கோயில் அந்தக் கதையை இன்றும் ஊரில் நிறுத்தியிருக்கிறது.

விளம்பரமா, தகுதியா என்ற கேள்வி மக்கள் தொடர்பு என்ற நவீனத் தொழிலையும் விடவில்லை.

1958-ல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்புச் சங்கம், 1968 ஏப்ரல் 21-ல் டெல்லியில் கூடிய முதல் அகில இந்திய மாநாட்டில் தொழில் நெறிமுறைகளை ஏற்றது. சர்வதேச மக்கள் தொடர்புச் சங்கம் 1965-ல் ஏதென்ஸில் ஏற்ற விதிகளே அவற்றுக்கு மூலம். 1986 முதல் அந்த ஏப்ரல் 21, தேசிய மக்கள் தொடர்பு தினம்.