எவர்சில்வர் வாட்ச் செயினின் இழை மெருகு

இழை மெருகு என்பது எஃகின் முகத்தில் ஒரே திசையில் நெருக்கமாக ஓடும் மெல்லிய கீறல் வரிகள். கடைகளில் இதை மேட் பினிஷ் என்பார்கள். வாட்ச் செயின், லிப்ட் கதவு, மாடிப்படிக் கைப்பிடி ஆகியவற்றில் காணலாம். ஒளி இதில் பட்டுச் சிதறுவதால் விரல் தடம் அவ்வளவாகத் தெரியாது.

இந்த மெருகு ஏறும் எவர்சில்வர் தகடு என்றால் தமிழ்நாட்டில் சேலம் உருக்காலைதான். கஞ்சமலையின் இரும்புத்தாதுவை நம்பி எழுந்த கனவு அது. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981இல் உற்பத்தி தொடங்கியபோது அது தகடு உருட்டும் ஆலையாகச் சுருங்கியிருந்தது. ஆயினும் 'சேலம் ஸ்டெயின்லெஸ்' வீடுதோறும் புகுந்தது. குளிர்நிலையில் உருட்டி முடித்த தகடு பெரும்பாலும் மங்கலான வழவழப்போடு இருக்கும். அதை 120 முதல் 180 எண் வரையிலான உராய்வுப் பட்டையில் ஓட்டினால் 'நான்காம் எண் மெருகு' கிடைக்கும். செயினின் வரிகள் அதைவிட நுண்மையானவை என்றாலும் தத்துவம் ஒன்றே.

மெருகே கீறலால் ஆனது என்பதால்தான் அதை வீட்டிலேயே மீட்க முடிகிறது. செயினைக் கழற்றி, கண்ணிகளுக்கிடையே படிந்த வியர்வை உப்பையும் அழுக்கையும் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் கொண்டு போக்கி உலர்த்த வேண்டும். பளபளப்பான விளிம்புகளை டேப் ஒட்டி மறைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் வேலை கெடும். பிறகு நுண்ணிய உப்புத்தாளையோ உராய்வு நார்ப்பட்டையையோ ஏற்கெனவே உள்ள வரியின் போக்கில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. பூட்டின் உட்புறத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. சாதாரண இரும்பு நாரைத் தொடாதீர்கள். அதன் துகள் எஃகில் பதிந்து துருவாகத் தெரியும்.

தேய்த்த இடம் துருப்பிடிக்குமோ என்ற அச்சம் வேண்டாம். எஃகிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலத்தைத் தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். 316எல் என்ற எஃகு வகையில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினமும் இருப்பதால் வியர்வை உப்பை அது கூடுதலாகத் தாங்கும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போனது. கொலுசுக்கு அழகு பளபளப்பு; ஆனால் இழை மெருகுச் செயினை பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் வரிகள் அழிந்து, கண்ணிகளின் கூர்விளிம்பும் மழுங்கிவிடும். மழுங்கிய விளிம்பை எளிதில் மீட்க முடியாது. ஆழமான வெட்டை முழுதும் போக்க முனைவதும் வீண். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் உலோகம் போகிறது. தங்க முலாமோ கறுப்புப் பூச்சோ உள்ள செயினுக்கு இந்த முறை அறவே ஆகாது.