'எல்லோரும்' என்னும் சொல்: ஒரு மருத்துவச் சட்டத்தின் கதை

'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்திருப்பது வாசகர் அறிந்ததே. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் என்பன அந்நான்கு. இளங்கலை வகுப்பொன்றில் இக்குறளை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, பணம் கட்டுறவங்க இதுல எங்க வர்றாங்க?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நாமும் சேர்ந்து சிரித்தோம். மாலையில் வீடு திரும்பும்போதுதான், அது சிரித்துக் கடந்துவிடக்கூடிய வினா அன்று என்பது நமக்கு உறைத்தது.

அந்த ஐந்தாவது ஆள் யார் என்பதை நூறாண்டுகளுக்கும் மேலாகத் தன் அரசியலின் நடுவில் வைத்து வாதிட்டுக்கொண்டிருக்கும் நாடு ஒன்று உண்டு. அது அமெரிக்கா. ஒருவர் நோய்க்கான செலவில் மற்றவருக்கும் பங்கு உண்டா, அதற்கென இயற்றும் சட்டம் நோயற்றவரையும் கட்டுப்படுத்துமா என்னும் வாதம் அங்கே 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி உச்சம் அடைந்தது. பராக் ஒபாமா அவ்வாண்டு மார்ச் 23 அன்று கையொப்பமிட்ட அச்சட்டத்தை மக்கள் 'ஒபாமாகேர்' என்றே அழைத்தனர்.

சட்டம் பிறப்பதற்கு முந்தைய கோடையில், தென் கரோலினாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் பாப் இங்லிஸ் நடத்திய தொகுதிக் கூட்டம் ஒன்றில் ஒருவர் எழுந்து, தம்முடைய மெடிகேரில் அரசாங்கம் கைவைக்கக் கூடாது என்று முழங்கினார். மெடிகேர் என்பதே 65 வயது கடந்தோருக்கு அரசாங்கம் நடத்தும் காப்பீடு. இங்லிஸ் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் ஏற்கவில்லையாம். இச்செய்தியைக் கேட்டு உலகம் நகைத்தது. ஆயினும் அம்மனிதரின் அறியாமை அவருக்கு மட்டுமே உரியதன்று என்பது நம் எண்ணம். தாம் ஏற்கெனவே பொதுப்பணத்தின் நிழலில் நிற்கிறோம் என்பதை உணராமலேயே அந்நாட்டில் பெரும்பாலோர் இவ்வாதத்தில் கலந்துகொண்டனர். அந்நிழல் படர்ந்த விதத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1798-இல் இரண்டாம் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்படி வணிகக் கப்பல்களில் பணிபுரியும் ஒவ்வொரு மாலுமியின் ஊதியத்திலிருந்தும் மாதம் 20 செண்ட் பிடிக்கப்பட்டு, நோயுற்ற மாலுமிகளின் மருத்துவத்திற்குச் செலவிடப்பட்டது. நோய் வந்தவர், வராதவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. குடியரசு தோன்றிச் சில ஆண்டுகளே ஆன காலம் அது.

அடுத்தது போர்க்காலம். 1942-இல் விலைவாசியைக் கட்டுப்படுத்த ஊதிய உயர்வுக்கு அரசு வரம்பு விதித்தது. காப்பீட்டுச் சலுகைகளுக்கு அவ்வரம்பு பொருந்தாது என விலக்கும் அளித்தது. ஊதியத்தைக் கூட்ட இயலாத முதலாளிகள் தொழிலாளரை ஈர்க்க மருத்துவக் காப்பீட்டை வழங்கத் தொடங்கினர். முதலாளி செலுத்தும் அத்தொகைக்கு வரிவிலக்கு உண்டு என்பதை 1954-ஆம் ஆண்டு வரிச்சட்டம் உறுதிசெய்தது. அரசுக்கு வரவேண்டிய வரியிலிருந்து ஒரு பகுதி இவ்வாறு உழைப்போரின் காப்பீட்டுக்குச் சென்றது. அதைப் பெற்றவர்களோ, தம் உழைப்பால் மட்டுமே அது கிடைத்ததாக எண்ணினர்.

இதற்கிடையே 1945 நவம்பரில் ஹாரி ட்ரூமன் அனைவருக்குமான தேசியக் காப்பீட்டை முன்மொழிந்தார். அமெரிக்க மருத்துவர் சங்கம் அதனைச் 'சமவுடைமை மருத்துவம்' எனச் சாடியது, திட்டம் வீழ்ந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1965 ஜூலை 30 அன்று லிண்டன் ஜான்சன் மிசூரி மாநிலத்திலுள்ள ட்ரூமனின் ஊருக்கே சென்று, முதியோருக்கான மெடிகேர், வறியோருக்கான மெடிகெய்டு ஆகியவற்றை உருவாக்கிய சட்டத்தில் அவர் முன்னிலையில் கையொப்பமிட்டார். மெடிகேரில் முதலில் பதிவுபெற்றவரும் ட்ரூமனே. 'எல்லோரும்' என்று அவர் கேட்டார். முதியோரும் வறியோரில் சிலரும் என்ற அளவில் கிடைத்தது.

1986-இல், ரேகன் ஆட்சிக் காலத்தில், மற்றொரு சட்டம் வந்தது. மெடிகேர் பணம் பெறும் எந்த மருத்துவமனையும், அவசரப் பிரிவுக்கு வருபவரைக் கையில் காசில்லை என்று திருப்பியனுப்பக் கூடாது. அவர் நிலை சீராகும்வரை பார்த்தாக வேண்டும். மனிதாபிமானச் சட்டம்தான். ஆனால் அச்செலவை யார் ஏற்பது என்று அது கூறவில்லை. கட்ட இயலாதவரின் கட்டணத்தில் ஒரு பகுதி பிறருடைய கட்டணத்திலும் சந்தாவிலும் வரியிலும் சென்று கலந்தது. நம் மாணவி தேடிய ஐந்தாவது ஆள் இங்கே பெயரின்றி நிற்கிறார். அவர் எல்லோருமாக இருக்கிறார். அதனாலேயே எவருமாகவும் இல்லை.

ஆக, 2010-ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததெல்லாம் பெயரில்லாத அவ்வாளுக்குப் பெயரிட முயன்றதுதான் எனலாம். அதன் அமைப்பு எளிது. முன்பே நோயுள்ளவருக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது என்பது முதற்கால். அவ்வாறு விதித்தால் நோய் வந்தபின் சேரலாம் என்று நலமுள்ளோர் காத்திருப்பர், சந்தா ஏறும். வாஷிங்டன் மாநிலம் 1993-இல் இத்தகைய சீர்திருத்தத்தை இயற்றி, 1995-இல் கட்டாயப் பகுதியை நீக்கிவிட்டு, மறுக்கக் கூடாது என்ற விதியை மட்டும் வைத்துக்கொண்டது. அப்பத்தாண்டின் இறுதிக்குள் அங்கே தனிநபர் காப்பீட்டு நிறுவனங்கள் புதியவரைச் சேர்ப்பதையே நிறுத்தின. எனவே எல்லோரும் காப்பீடு பெற வேண்டும், இல்லையேல் தண்டம் கட்ட வேண்டும் என்பது இரண்டாம் கால். வாங்க வசதியற்றவருக்கு அரசு உதவி என்பது மூன்றாம் கால்.

இரண்டாம் காலாகிய கட்டாயத்தின் பிறப்பு வேடிக்கையானது. 1989-இல் அதனை முன்மொழிந்தது ஹெரிடேஜ் பவுண்டேஷன் என்னும் வலதுசாரி ஆய்வகம். 2006-இல் மாசசூசெட்ஸில் அதைச் சட்டமாக்கியவர் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி. 2008 தேர்தல் களத்தில் அதனை எதிர்த்துப் பேசியவர் ஒபாமா! ஆண்டுகள் சில கழிவதற்குள் நின்றவர்கள் இடம் மாறிக்கொண்டனர்; கருத்து மட்டும் அங்கேயே நின்றது.

'இது உங்களைப் பாதிக்காது' என்று கூறி ஆதரவு தேடிய தவற்றை ஒபாமாவும் செய்தார். இருக்கும் காப்பீடு பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று மீண்டும் மீண்டும் உறுதியளித்தார். 2013 இலையுதிர் காலத்தில், புதிய விதிகளுக்குப் பொருந்தாத காப்பீடுகள் முடிவுக்கு வருவதாக இலட்சக்கணக்கானோருக்கு மடல்கள் சென்றன. நவம்பரில் அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. சட்டத்தை எதிர்த்தவர்களின் மனக்குறை அனைத்தும் கற்பனை என்று நாம் சொல்ல வரவில்லை. வறுமைக்கோட்டு வருமானத்தைப் போல் நான்கு மடங்குக்குச் சற்று மேல் ஈட்டியவருக்கு, சட்டம் எழுதப்பட்டபடி, உதவி ஏதுமில்லை. முழுச் சந்தாவையும் கட்டிய அக்குடும்பங்களின் சினம் நியாயமானதே.

2012 மார்ச் இறுதியில் உச்ச நீதிமன்றம் மூன்று நாட்கள் வழக்கைக் கேட்டது. 26 மாநிலங்கள் சட்டத்தை எதிர்த்து நின்றன. எல்லோருக்கும் உணவு தேவை. அதனால் எல்லோரும் உணவுச் சந்தையில் இருக்கிறார்கள். அப்படியானால் ப்ரோக்கோலி வாங்கும்படியும் அரசு கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டார் நீதிபதி ஆண்டனின் ஸ்கேலியா. காலிபிளவர் இனத்தைச் சேர்ந்த அப்பச்சைக் காய் அன்று முதல் அரசமைப்புச் சட்ட வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. கூர்மையான வினாதான். எனினும் ப்ரோக்கோலி வாங்காதவர் பட்டினி கிடந்தால், அவருக்கு இலவசமாக உணவிட வேண்டும் என்று எந்தக் காய்கறிக் கடைக்கும் சட்டம் இல்லை. மருத்துவமனைக்கு 1986 முதல் அச்சட்டம் உண்டு. இவ்வேறுபாட்டில்தான் வழக்கின் உயிர் இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஜூன் 28 அன்று தீர்ப்பு வெளிவந்தது. முதற்பக்கங்களை மட்டும் படித்த சி.என்.என்., ஃபாக்ஸ் ஆகிய தொலைக்காட்சிகள் கட்டாய விதி வீழ்ந்ததாக அறிவித்துவிட்டன. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸின் தீர்ப்போ பாதிவழியில் திரும்பியிருந்தது. வணிகத்தை நெறிப்படுத்தும் அதிகாரத்தின்கீழ் கட்டாயம் செல்லாது; ஆனால் தண்டத்தை வரியாகக் கொள்ளலாம், ஆகவே செல்லும் என்றது அது. 5-க்கு 4 என்ற கணக்கில் சட்டம் பிழைத்தது.

நாடு இதனை விவாதித்துக்கொண்டிருக்க, அதே தீர்ப்பின் மற்றொரு பகுதி அதிகம் கவனிக்கப்படாமல் போயிற்று. வறுமைக்கோட்டு வருமானத்தில் 138 விழுக்காடு வரை உள்ள வயதுவந்தோர் அனைவரையும் மெடிகெய்டில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் மாநிலங்களை வற்புறுத்தியிருந்தது. அவ்வற்புறுத்தல் செல்லாது, விரும்பிய மாநிலம் ஏற்கலாம் என்று 7-க்கு 2 என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவைப் பாருங்கள். வறியோர் மெடிகெய்டில் வந்துவிடுவர் என்று நம்பிய சட்டம், சந்தா உதவியை வறுமைக்கோட்டிற்கு மேற்பட்டோருக்கே வைத்திருந்தது. மெடிகெய்டை விரிவாக்க மறுத்த மாநிலங்களில், கோட்டிற்கு மேலிருப்பவருக்கு உதவி உண்டு. கோட்டிற்குக் கீழே இருந்தும் பழைய மெடிகெய்டு விதிகளுக்குள் அடங்காதவருக்கு இரண்டும் இல்லை. கூடுதல் வறுமையே அவரை வெளியே தள்ளிற்று. 2023 டிசம்பரில் வட கரோலினா சேர்ந்தபோதுதான் விரிவாக்கிய மாநிலங்களின் எண்ணிக்கை 40 ஆயிற்று. டெக்சாஸும் ஃபுளோரிடாவும் அப்போதும் அதில் இல்லை.

'என்னை ஏன் உள்ளே இழுக்கிறீர்கள்' என்ற குரல் உச்ச நீதிமன்றம் வரை எட்டியது. 'என்னை ஏன் வெளியே விட்டீர்கள்' என்று கேட்க வேண்டியவர்களின் பெயரில் அங்கே ஒரு ப்ரோக்கோலியும் பேசப்படவில்லை.

பின்னுரை சுருக்கமானது. 2017 ஜூலை 28 அதிகாலையில் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நீக்கும் முன்வரைவு செனட்டில் 49-க்கு 51 எனத் தோற்றது. மூளைப் புற்றுநோயுடன் வந்து, கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டி எதிர்த்து வாக்களித்தார் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன். அவ்வாண்டு டிசம்பரில் இயற்றப்பட்ட வரிச்சட்டம், 2019 முதல் தண்டத்தைச் சுழியமாக்கியது. தண்டமே இல்லையெனில் வரியும் இல்லை, எனவே முழுச் சட்டமும் செல்லாது என்று டெக்சாஸ் தலைமையில் மாநிலங்கள் மீண்டும் வழக்காடின. 2021 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. வழக்குத் தொடுத்தோருக்கு அவ்விதியால் இழப்பு நேர்ந்ததாக நிறுவப்படவில்லை, ஆதலால் வழக்காடும் தகுதியே அவர்களுக்கு இல்லை என்பது காரணம். எல்லோரையும் பாதிக்கிறது என்று தொடங்கிய வாதம், உங்களை எவ்வாறு பாதித்தது என்ற நீதிமன்றத்தின் வினாவிற்கு விடையின்றி முடிந்தது.

காப்பீடற்றோர் 2010-இல் ஏறத்தாழ 4.8 கோடி, 2023-இல் ஏறத்தாழ 2.6 கோடி. குறைந்தது பெரிதே. எஞ்சியிருப்பதும் சிறிதன்று. 'எல்லோரும்' என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதுவது எளிது. அதன் எல்லைக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே கடினம்.

அடுத்த ஆண்டும் அக்குறளை வகுப்பில் நடத்துவோம். அம்மாணவி அப்போது கல்லூரியை விட்டுச் சென்றிருப்பார். எனினும் அவருடைய வினாவை நாமே எடுத்துக் கேட்பதாக இருக்கிறோம். இம்முறை வகுப்பு சிரித்தாலும் நாம் சிரிப்பதாக இல்லை.