ஸ்டீவனேஜ் மக்களின் சினம்

இலண்டன் மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில், ஹார்ட்போட்ஷயர் மாகாணத்தில் உள்ளது ஸ்டீவனேஜ். வடதிசைப் பெருஞ்சாலையிற் செல்லும் குதிரை வண்டிகள் தங்கிச் செல்லும் சத்திரங்களால் வளர்ந்த ஊர் அது. புகையிரதம் வந்தபின் சத்திரங்களின் ஆரவாரம் அடங்கிற்று. 1946ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் சுமார் 6,000 பேர். இச்சிற்றூரை 60,000 பேர் வாழும் நகரமாக்கப் போவதாக அவ்வாண்டிலே பிரித்தானிய அரசாங்கம் அறிவித்தது.

காரணம் இல்லாமற் போகவில்லை. இலண்டனின் நெருக்கடி யுத்தத்துக்கு முன்னரே தாங்கொணாததாயிருந்தது. குண்டுவீச்சு எண்ணற்ற வீடுகளை அழித்தது. மாநகரைச் சூழப் புதிய நகரங்களை அமைத்து மக்களைக் குடியேற்ற வேண்டுமென அபர்குரொம்பி என்னும் நகர அமைப்பு அறிஞர் 1944இல் திட்டம் வகுத்தார். அதில் ஸ்டீவனேஜும் இடம்பெற்றது.

1946 மே 6ஆம் நாள், நகரத் திட்ட மந்திரி லூயிஸ் சில்கின் அவ்வூர் மண்டபத்திற்கு வந்தார். மண்டபம் கொள்ளாத கூட்டம். அவர் பேசப் பேச ஏளனக் கூச்சல் எழுந்தது. சர்வாதிகாரி என்று சிலர் கூவினர். கூச்சலிட்டுப் பயனில்லை, காரியம் நடந்தே தீருமென்று மந்திரி சொல்லிவிட்டார். வெளியே வந்து பார்த்தால், மோட்டார் வண்டியின் சில்லுகளிற் காற்றில்லை. பெற்றோல் தாங்கியில் மணல்! அவ்வாண்டு டிசம்பரில், புகையிரத நிலையப் பெயர்ப்பலகைகளில் ‘சில்கின்கிராட்’ என்ற பெயர் காணப்பட்டது. ஸ்டாலின்கிராட்டை நினைவூட்டும் இக்கேலியைக் கண்டு நாடே நகைத்தது.

ஆயினும் இச்சினத்தை வெறும் பிடிவாதமெனத் தள்ளிவிடுதல் நியாயமன்று. புதிய நகரச் சட்டம் நிறைவேறுமுன்னரே மந்திரி முடிவைக் கூறிவிட்டார். வீட்டையும் வயலையும் இழக்கவிருந்தவர்க்கு, பின்னர் நடந்த விசாரணை வெறுஞ் சடங்காகவே தோன்றியது. ஊரிலே எடுத்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 52 பேர் திட்டத்தை முற்றாக எதிர்த்தனர். அப்படியாயின் ஏனையோர்? புது வீடும் தொழிலும் வருமென எதிர்பார்த்தவர்களும் அவ்வூரில் இல்லாமலில்லை.

வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1947 பெப்ரவரியில் ஊரவர் வென்றனர். மார்ச்சில் மேன்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. யூலையில் பிரபுக்கள் சபையும் மந்திரியின் பக்கமே தீர்த்தது.

எதிர்த்தவர்களுள் மிகுந்த வேதனையோடு பேசியவர் நாவலாசிரியர் ஈ. எம். போர்ஸ்டர். இளமையில் அவர் வாழ்ந்த ‘ரூக்ஸ் நெஸ்ட்’ என்னும் இல்லம் ஸ்டீவனேஜின் அருகிலேயே உள்ளது. 1910இல் வெளிவந்த அவரது ‘ஹவார்ட்ஸ் எண்ட்’ நாவலில் வரும் வீடு அதுவே. 1946இல் பிரித்தானிய வானொலியிற் பேசிய அவர், வீடற்றோர்க்கு வீடு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. எனினும், மீட்க முடியாத ஒன்று அழிகின்றதென்ற எண்ணத்தை விட்டுவிட அவரால் இயலவில்லை. இரு பக்கத்து நியாயத்தையும் உணர்ந்த உள்ளத்தின் குரல் அது; அமைச்சரின் உறுதியிலும் ஊராரின் ஏளனத்திலும் அத்தகைய தடுமாற்றம் இல்லை.

குடியேறியவர்களில் மிகப் பலர் இளங் குடும்பத்தினர். கடைகளும் உறவினரும் அண்டையில் இல்லாத புதுத் தெருக்களில் தனிமை அவர்களை வாட்டியதுண்டு. ஆனால் சில ஆண்டுகளில் அவர்களும் ஊரவராயினர். ஊரவராகவே பேசவும் தொடங்கினர். நகரின் நடுவே மோட்டார் வாகனம் நுழையாத கடைத்தெருவே வேண்டுமென 1950களில் வற்புறுத்தியோர் அவர்களே. அவர்கள் விரும்பியபடி அமைந்த நகர மையத்தை எலிசபெத் மகாராணியார் 1959இல் திறந்து வைத்தார். பழைய சத்திரத் தெரு ‘பழைய நகர்’ என்ற பெயரோடு இன்றும் நிற்கின்றது.

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஸ்டீவனேஜில் வாழ்வோர் தொகை ஏறத்தாழ 89,000. ரூக்ஸ் நெஸ்ட் இல்லத்தைச் சூழ்ந்த வயல்களை நோக்கி நகரம் பரவக்கூடாதென அங்கே ஒரு சங்கம் 1989இல் தோன்றிற்று. அவ்வயல்வெளிக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘போர்ஸ்டர் நாடு’.