வராத அரங்கமும் வாடகைக்குப் போகவிருந்த மைதானங்களும்

கொச்சி மாநகராட்சியின் தென்கோடியில், அரூர் பாலத்துக்கு இந்தப் பக்கம், காயலையும் சதுப்பையும் ஒட்டிக் கிடக்கிறது இடக்கொச்சி. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊர்ப் பெயர் விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி அடிபட்டது. கேரள கிரிக்கெட் சங்கம் அங்கே இருபது ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கி, சர்வதேசப் போட்டிகள் நடத்தும் அரங்கம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டிருந்தது. கண்டல் மரங்கள் வெட்டப்பட்டதாகப் புகார் எழுந்தது. கடலோர ஒழுங்குமுறை விதிகள் குறுக்கே வந்தன. விசாரணை, வழக்கு என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் அரங்கம் எழவேயில்லை. சங்கத்தின் பார்வை பிறகு நெடும்பாசேரிப் பக்கம் திரும்பிவிட்டது.

சென்னையில் நடந்தது வேறு மாதிரி. 2024 அக்டோபர் கடைசியில், தீபாவளி நெருங்கும் நேரத்தில், மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. செயற்கைப் புல் பதித்த 9 கால்பந்து மைதானங்களைத் தனியார் பொறுப்பில் விடுவது, ஆட வருபவரிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிப்பது, வசூலில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு வருவது என்பது ஏற்பாடு. கால்பந்துக்காகவே ‘குட்டி பிரேசில்’ என்று பெயர் வாங்கிய வியாசர்பாடியும் அந்தப் பட்டியலில் இருந்தது. எதிர்ப்பு உடனே கிளம்பியது. கூட்டணிக் கட்சிக்காரர்களும் கண்டித்தார்கள். தீபாவளிக்குள்ளேயே தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. மைதானங்கள் இலவசமாகவே இருக்கும் என்று மேயர் பிரியா அறிவித்தார்.

இளைஞர்கள் விளையாட நகரம் செலவு செய்ய வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். அதை நகரத்தின் தயவாகக் கருதவும் வேண்டியதில்லை. 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளின் வேலைகளாக 18 இனங்களைப் பட்டியலிட்டது. குடிநீர், சாலை, தெருவிளக்கு இருக்கும் அதே பட்டியலில் பூங்காவும் விளையாட்டு மைதானமும் 12ஆவது இனமாக இருக்கின்றன. எதன் மேல் செலவு செய்வது என்பதில்தான் நம் நகரங்கள் தடுமாறுகின்றன. அதை இடக்கொச்சியும் வியாசர்பாடியும் இரண்டு எதிர்முனைகளிலிருந்து காட்டுகின்றன. ஓரிடத்தில் அரங்கம் வந்தால்தான் விளையாட்டு வந்ததாக அர்த்தம் என்று நம்பினார்கள். இன்னோரிடத்தில், ஏற்கெனவே கையில் இருந்த மைதானத்தை வருமானம் தரும் சொத்தாகப் பார்த்தார்கள்.

இடக்கொச்சியில் அரங்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்க அதிக தூரம் போக வேண்டாம், அதே நகரத்தின் கலூர் வரை போனால் போதும். 1996இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிய ஜவாஹர்லால் நேரு அரங்கம் அங்கே நிற்கிறது. 1998 ஏப்ரல் 1இல் டெண்டுல்கர் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்தது அங்கேதான். 2017இல் 17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்ததும் அங்கேதான். கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடும் மாலைகளில் அந்த மஞ்சள் கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது பார்ப்பதற்கான இடம். பக்கத்துத் தெருப் பையன் அந்தப் புல்லில் கால் வைக்க முடியாது.

அந்த உலகக் கோப்பைக்காகக் கொச்சியில் இன்னொரு வேலையும் நடந்தது. வெளிநாட்டு அணிகள் பயிற்சி எடுப்பதற்காக ஃபோர்ட் கொச்சியின் பரேடு மைதானத்திலும் வெளி மைதானத்திலும் நல்ல புல் போட்டார்கள். வேலை நடந்த மாதங்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் வெளியே நின்றார்கள். விருந்தாளிக்கு வீட்டை ஒழுங்குபடுத்துவது நம் வழக்கம், அதில் தவறில்லை. விருந்தாளி போன பிறகு அந்தப் புல்லுக்கு யார் தண்ணீர் விடுவது, கூலி யார் கணக்கில் என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். கட்டுவதற்குக் கோடி ஒதுக்குகிற கைகள் பராமரிப்புக்கு ஆயிரங்களை ஒதுக்கத் தயங்குவதை இந்தியாவின் எந்த ஊரிலும் பார்க்கலாம்.

பரேடு மைதானம் புல் போடுவதற்கு முன்பே விளையாட்டு வீரர்களைத் தந்த இடம். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவரின் படையும் அணிவகுத்த நிலம் அது. அங்கே ரூஃபஸ் டிசூசா பல பத்தாண்டுகள் விடியற்காலையில் பையன்களுக்குக் காசு வாங்காமல் கால்பந்தும் ஹாக்கியும் சொல்லிக் கொடுத்தார். ஒலிம்பிக்கில் ஆடிய ஹாக்கி வீரர் தினேஷ் நாயக் அவரிடம் பழகியவர். கூரையோ நாற்காலி வரிசையோ இல்லாத இடத்தில் இது நடந்தது. மரநிழலும் சமமான தரையும் இருந்தன, கதவில்லாத வாசல் இருந்தது, தினமும் வருகிற ஒரு பெரிய மனிதர் இருந்தார். விளையாட்டுக்கு அடிப்படையாக வேண்டியது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். இதில் நான்காவதை மட்டும் நகரம் காசு கொடுத்து உண்டாக்க முடியாது. ஆனால் அப்படி ஒருவர் வந்தால், அவருக்கு ஒரு சம்பளமும் பந்துகளும் கொடுக்க முடியும்.

வெளி மைதானத்துக்கு அருகே உள்ள தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுத்து வருபவர்கள் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரர் காலத்தில் சீருடை வெளுக்க வந்தவர்களின் வழித்தோன்றல்கள். துவைக்கும் தொட்டிகளும் உலர்த்தும் கொடிகளுமாக அந்த இடத்தை 1970களில் கட்டிக் கொடுத்ததும் கலூர் அரங்கத்தைக் கட்டிய அதே வளர்ச்சி ஆணையம்தான். எளிய மனிதர்கள் தினமும் புழங்கும் இடத்தைச் சின்னச் செலவில் கட்டி, அதை அவர்கள் சங்கத்தின் பொறுப்பிலேயே விடுவதற்கு அந்த ஆணையத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதே அணுகுமுறையை மைதானத்துக்கும் கேட்பது பேராசை ஆகாது.

இனி வாடகைக் கணக்கு. கொச்சியிலும் சென்னையிலும் இப்போது தெருவுக்குத் தெரு தனியார் டர்ஃப். நாலு பக்கமும் வலை, மேலேயும் வலை, பச்சைப் பிளாஸ்டிக் புல், அதன் இடுக்கில் கறுப்பு ரப்பர் துகள். ஆடிவிட்டு வீட்டுக்குப் போனால் சாக்ஸை உதறும்போது அந்தத் துகள் தரையெல்லாம் சிதறும். மணி முடிந்ததும் அடுத்த குழு வாசலில் நிற்கும், பாதி ஆட்டமானாலும் வெளியேற வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு நூறோ நூற்றைம்பதோ போட்டு ஆடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வாரத்தில் ஒரு நாள் பொழுதுபோக்கு, கட்டுப்படியாகும். வியாசர்பாடியில் தினம் இரண்டு மணி நேரம் பயிற்சி எடுக்கும் பிள்ளையின் கணக்கு அப்படியில்லை. 120 ரூபாய் வீதம் ஒரு நாளைக்கு 240, மாதம் 25 நாள் என்றால் 6,000 ரூபாய். வீட்டு வாடகைக்குச் சமமான தொகை. தீர்மானம் அமலுக்கு வந்திருந்தால், மைதானம் அதே இடத்தில் இருந்திருக்கும், ஆடுகிறவர்கள் மட்டும் மாறியிருப்பார்கள். கூட வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்து, ஆள் குறையும்போது உள்ளே இறங்கி ஆட்டம் கற்றுக்கொள்கிற தம்பிகளுக்கு எந்தக் கட்டணத்திலும் இடம் கிடையாது. வடசென்னைக் கால்பந்து வளர்ந்ததே அந்த ஓரத்திலிருந்துதான்.

இலவசம் என்றால் பாழாகிவிடும், கட்டணம் இருந்தால்தான் சுத்தமாக இருக்கும் என்று தனியாருக்காகப் பேசுகிறவர்கள் சொன்னார்கள். இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. பூட்டு உடைந்த கழிப்பறையையும் எரியாத விளக்கையும் மாநகராட்சி மைதானங்களில் பார்த்தவர்கள்தானே நாம்? ஆனால் அதற்கு வழி காவலாளியும் துப்புரவாளரும் எலெக்ட்ரீஷியனும். மூன்று பேர் சம்பளத்துக்குப் பயந்து மைதானத்தையே கைமாற்றுவது எந்த ஊர் நிர்வாகம்?

நில விஷயத்தில் இரண்டு நகரங்களும் ஒன்றல்ல. சென்னையில் பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதில் எத்தனை மனை ஆக்கிரமிப்பில் போனது என்பது தனிக் கதை. ஆனாலும் மைதானத்துக்கு நிலம் வரும் வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. கேரளத்தின் அடுக்குமாடிகளில் விதிப்படி விடப்படும் பொழுதுபோக்கு இடம் பெரும்பாலும் கேட்டுக்கு உள்ளேயே இருந்துவிடுகிறது. இடக்கொச்சியில் சிக்கல் இன்னும் கூடுதல். அங்கே காலியாகத் தெரிவதெல்லாம் காலி நிலம் கிடையாது, நீர் ஏறி இறங்கும் இடம். வேலியேற்றம் எனப்படும் கடல் ஓதக் காலத்தில் இடக்கொச்சி, பள்ளுருத்தி, கும்பளங்கி வீடுகளுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து சுவரை அரிக்கிறது. அந்தத் தண்ணீரின் வேகத்தைத் தாங்கி நிற்பது கண்டல்தான். நெல்வயலையும் நீர்நிலத்தையும் மேடாக்கக் கூடாது என்று 2008இல் கேரளம் சட்டமே போட்டிருக்கிறது. எனவே ‘பிள்ளைகளுக்காக’ என்று சொல்லிச் சதுப்பை மண் கொட்டி நிரப்பக் கேட்பவர்கள், அந்தப் பிள்ளைகள் குடியிருக்கும் வீட்டைத்தான் தண்ணீரில் விடுகிறார்கள். அரங்கம் வராமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. அரங்கம் போன பிறகு, சரி, அங்குள்ள பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்ற பேச்சும் கூடவே போய்விட்டதுதான் வருத்தம்.

இடக்கொச்சி மாதிரியான ஊருக்குப் புது நிலம் தேட வேண்டியதில்லை. பள்ளி, கல்லூரி மைதானங்கள் இருக்கின்றன. மாலையில் மணி அடித்ததும் அவை பூட்டப்படுகின்றன. மைதானம் இல்லாத பள்ளிகளை மூடலாம் என்கிற அளவுக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் கடுமையாகப் பேசியது. அந்த மைதானங்களை மாலை ஐந்து முதல் ஒன்பது வரை ஊருக்குத் திறந்துவிடச் சொல்லி, விளக்கு, காவல், சேதச் செலவை மாநகராட்சி ஏற்றால், ஒரு மரம்கூட வெட்டாமல் வேலை நடக்கும்.

காசு எங்கே என்பார்கள். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு நாள் கணக்கில் எரிந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் அபராதம் விதித்த மாநகராட்சி அது. கஷ்டம் உண்மைதான். ஆனால் இதற்கான முன்மாதிரி இரண்டு மாநிலச் சட்டங்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. 1948இல் சென்னை மாகாணம் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்தது. அதன் வழியாகத்தான் இன்று தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத்துக்குப் போகிறது. கேரளத்தில் 1989 சட்டப்படி ஐந்து பைசா. படிக்காதவரும் கொடுக்கிறார், படிக்கிறவர் காசில்லாமல் படிக்கிறார். வாயனசாலை என்னும் படிப்பகங்களில் பத்திரிகை மேசைக்குப் பக்கத்திலேயே கேரம் பலகை கிடப்பதையும், அதை ஒட்டியே ஊரின் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப் இயங்குவதையும் மலையாள நாட்டில் யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. புத்தகம் படிக்க ஊரே சேர்ந்து வரி கொடுக்கும் என்றால், பந்து உதைக்கவும் கொடுக்கலாம். மைதானத்துக்கென்று ஒரு பைசா தனியாக ஒதுக்கினால்கூட, அந்தத் தொகையை வடிகாலுக்கோ அபராதத்துக்கோ திருப்ப முடியாதபடி சட்டம் காக்கும்.

இப்போது கேரளத்தில் லஹரி என்னும் போதைப்பொருளைப் பற்றிய பயம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதனால் மைதானம் வேண்டும் என்ற குரலும் கூடியிருக்கிறது. ஐஸ்லாந்தில் ரெய்க்யாவிக் நகரம் பிள்ளைகளின் விளையாட்டு, இசைக் கட்டணத்துக்கு உதவித்தொகை கொடுத்து வருகிறது. முந்தைய மாதத்தில் குடித்து போதையேறியதாகச் சொன்ன 15, 16 வயதினர் அந்த நாட்டில் 1998இல் நூற்றுக்கு 42 பேர், 2016இல் 5 பேர். ஊரடங்கு நேரம், பெற்றோர் குழுக்கள் என்று வேறு காரணங்களும் அதில் சேர்ந்திருந்தன. நல்ல எடுத்துக்காட்டு. ஆனாலும், போதையைத் தடுக்கும் மருந்தாக மட்டும் விளையாட்டைப் பேசுவது எனக்கு உவப்பாக இல்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஓடி ஆடுவதற்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை.

நகரத்தின் காசு கட்டாயம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு மிகப் பெரிய காரணம் பெண் பிள்ளைகள். எந்தத் திறந்த மைதானத்தையும் மாலையில் போய்ப் பாருங்கள், கொச்சியானாலும் சென்னையானாலும் சரி. பெரிய பையன்கள் நடுவில், சின்னப் பையன்கள் ஓரத்தில், பெண்கள் நடைபாதையில். ‘யாரும் வரலாம்’ என்று சும்மா விட்டால் பலசாலிக்கு இடம் கிடைக்கிறது. கட்டணம் போட்டால், வீட்டில் அண்ணனுக்குத்தான் முதலில் காசு கிடைக்கும். பெண்களுக்கென்று வாரத்தில் மூன்று மாலை நேரம், தண்ணீர் வரும் கழிப்பறை, வீடு திரும்பும் வழியெல்லாம் எரியும் விளக்கு, ஒரு பெண் பயிற்சியாளர் என்று இதைச் செய்ய அதிகாரமும் கடமையும் உள்ள அமைப்பு மாநகராட்சி மட்டுமே. சென்னையில் திரும்பப் பெற்ற தீர்மானத்தின் இடத்தில், அந்த 9 மைதானங்களுக்கும் பராமரிப்புத் தொகையும் பெண்களுக்கான நேரமும் குறித்த புதிய தீர்மானம் ஒன்று வர வேண்டும். இடக்கொச்சியின் கவுன்சிலர்கள் கேட்க வேண்டியது பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானத்தின் மாலை நேரச் சாவியை.