ஏசி கேஸ் தீருமா?



கத்திரி வெயில் தொடங்கினால் எனக்கு வரும் போன்களில் பாதி கார் ஏசியைப் பற்றியதுதான். "சார், காத்து வருது, குளிர்ச்சி இல்ல. கேஸ் தீந்துபோச்சாம், அடிக்கச் சொல்றாங்க. அடிக்கலாமா?" இயற்பியல் நடத்தியவர் என்ற உரிமையில் கேட்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், அது பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பிறகு ஏன் எல்லோரும் 'தீர்ந்துவிட்டது' என்கிறார்கள்? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஏசிக்கு முன்பு நம் பக்கத்துக் குளிர்ச்சி வெட்டிவேர். கடலூர்ப் பக்கத்துக் கடலோர மணல் கிராமங்களில் இன்றும் பயிராகிறது. வேரைத் தட்டியாகப் பின்னி நனைத்துத் தொங்கவிட்டால், நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். வடக்கின் வறண்ட காற்றில் பிரமாதமாக வேலை செய்யும். நம் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நமக்குப் பெரும்பாலும் மணம்தான் மிச்சம்.

ஓடும் வண்டிக்குள் குளிர்ச்சி என்றால், 1934-இல் பம்பாய்க்கும் பெஷாவருக்கும் இடையே ஓடிய ஃபிரான்டியர் மெயிலைச் சொல்ல வேண்டும். பெட்டிக்கு அடியில் பனிக்கட்டிப் பாளங்களை அடுக்கி, அந்தக் குளிர்காற்றை உள்ளே அனுப்பினார்கள். உருக உருக வழியில் உள்ள ஸ்டேஷன்களில் புதுப் பாளங்களை ஏற்றினார்கள். அங்கே குளிர்ச்சி உண்மையிலேயே தீர்ந்தது!

காரில் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தித் தர முன்வந்தது அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி, 1939-இல். கம்ப்ரஸரைத் தனியாக நிறுத்த கிளட்ச் கிடையாது. குளிர்காலம் வந்தால் எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். அந்தக் காலத்துக் கார் ஏசிகளில் ஓடியது ஆர்-12 என்ற வாயு. தீப்பற்றாது, நச்சும் இல்லை. 1928-இல் இந்த வகை வாயுக்களை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் தாமஸ் மிட்ஜ்லி. பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையும் இவருடையதுதான். ஒரே மனிதர் காற்று மண்டலத்துக்கு இரண்டு முறை கேடு செய்தார்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். வீட்டு ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்பு உறைக்குள் அடைத்துப் பற்றவைக்கப்பட்டவை. அதனால்தான் அது பல வருடம் கேஸ் கேட்பதில்லை. காரில் கம்ப்ரஸரைச் சுற்றுவது எஞ்சின் பெல்ட். அதற்காக அச்சு வெளியே நீண்டாக வேண்டும். நீளும் இடத்தில் ஒரு சீல். எஞ்சின் அதிர்வைத் தாங்க ரப்பர் ஹோஸ். பழைய ரப்பரின் வழியாகவும் சீலின் வழியாகவும் ஆர்-12 சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அவ்வப்போது கேஸ் நிரப்புவது நியாயமான வேலைதான். கடையில் கற்றுக்கொண்ட பையன் அடுத்த பையனுக்குச் சொன்னான். வண்டி மாறியும் வார்த்தை மாறவில்லை.

நம் நாட்டில் மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். கார் ஏசி செய்யும் சுப்ரோஸ் 1985-இல் தொடங்கியது. அப்போதும் நம்மில் பெரும்பாலோர்க்குக் கார் ஏது? கடலூர்-சிதம்பரம் பஸ்ஸில் டிரைவர் பக்கத்திலேயே எஞ்சின். மேலே ரெக்சின் போர்த்திய மூடி. முன்சீட்டில் உட்கார்ந்தால் கால் வெந்துவிடும்.

அதற்குள் மேலே விபரீதம் நடந்திருந்தது. இந்த வாயுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா சேர்ந்தது 1992-இல். 2003 தொடக்கத்திலிருந்து புது ஏசிகளில் ஆர்-12 கூடாது என்று விதி வந்தது. பதிலுக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். கூடவே ஹோஸும் மாறியது: உள்ளே நைலான் பூச்சு, மிகக் குறைந்த கசிவு. இன்றைய சின்னக் காருக்கு மொத்தமே அரைக் கிலோவுக்கும் குறைவான கேஸ்தான்.

ஆகவே வருடா வருடம் உங்கள் காருக்குக் கேஸ் தேவைப்பட்டால், ஓட்டையை அடைக்காமல் பணத்தையும் கேஸையும் காற்றில் விடுகிறீர்கள். முதலில் கசிவைத் தேடச் சொல்லுங்கள். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையில் குமிழ் தேடுவார்கள். அடைத்த பிறகு வேக்கம் போட்டு, எடை பார்த்து நிரப்ப வேண்டும். குத்துமதிப்பாக அதிகம் ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும்.

அதற்கும் முன்னால் நீங்களே கவனிக்கலாம். புதுச்சத்திரம் வரை ஜில்லென்று வந்து, சிதம்பரம் மேலவீதி நெரிசலில் நின்றதும் சூடானால், கண்டென்ஸர் விசிறியைச் சந்தேகப்படுங்கள். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பரங்கிப்பேட்டை, கடலூர் முதுநகர்ப் பக்கம் இருப்பவர்கள் கண்டென்ஸரின் அலுமினியத் தகடுகளை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள், உப்புக்காற்று அரிக்கும். காருக்கு அடியில் சொட்டுவது வெறும் தண்ணீர் என்றால் பயம் வேண்டாம். உள்ளே இருந்த ஈரம்தான்.

ஹீட்டர் நமக்கெதற்கு என்பீர்கள். எஞ்சின் சூடு முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்து ஓரம் கட்டுங்கள். அது ஒரு குட்டி ரேடியேட்டர், எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். சூடு ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று, இதற்காகவே இந்தப் பதிவு. நடராஜர் தரிசனத்துக்கு வந்த இடத்தில் நிழலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டுத் தூங்கும் டிரைவர்களைப் பார்க்கிறேன். அவர்களில் என் மாணவர்களும் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனில் ஏசியோடு தூங்கிய இருவர் இறந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம். ஏசி கேஸ் அல்ல, புகைதான் கொல்கிறது. நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது நின்ற வண்டியில் தூங்காதீர்கள். அணைத்துவிட்டு, இறங்கி, மரத்தடியில் படுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பட்டறை வைத்திருக்கும் மாணவர்களே, உங்கள் கடையில் கடைசியாக ஆர்-12 எந்த வருடம் கிடைத்தது? நினைவிருந்தால் கீழே எழுதுங்கள்.